ஸ்டெம் செல் விசாரிக்கப் போனோம்

சீனாவில் டைப் 1 சர்க்கரை உள்ள 25 வயதுப் பெண் ஒருவர் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சைக்குப் பிறகு இன்சுலினை நிறுத்திவிட்டார் என்று 2024-இல் செய்தி வந்ததிலிருந்து என் அண்ணன் விடவில்லை. "அம்மிணி, நம்ம பாப்பாவுக்கும் பார்க்கலாமில்ல?" என்று ஒரே போன். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிற வகை. ப்ளஸ் டூ படிக்கிறாள்.

மலைக்குக் கீழே ஒரு ஊரில் இருந்த ஸ்டெம் செல் சென்டரில் அண்ணனே நேரம் வாங்கிவிட்டார். ஊட்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் கேத்தியிலிருந்து இறங்கும்போது பர்லியார் பக்கம் மகளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தோம்.

சென்டரில் உபசாரம் பலம். இடுப்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துத் திரும்ப ஏற்றுவார்களாம், சொந்த செல் என்பதால் பக்கவிளைவே இல்லையாம், சில லட்சம் ஆகுமாம். "ஆராய்ச்சியா, சிகிச்சையா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் மேடம்" என்றார்கள். அந்தப் பதில்தான் எனக்கு இடித்தது. முன்பணம் கட்டாமல் எழுந்து வந்தோம். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அப்புறம் கோவையில் மகளை வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டரிடம் போனோம். பொறுமையாகச் சொன்னார். நல்ல பலன் தந்த ஆய்வுகளில் மஜ்ஜையை எடுத்து அப்படியே ஏற்றவில்லை. ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். 2025-இல் வெளியான வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வில், அப்படி வளர்த்த செல்லை முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் உடம்பு அந்தச் செல்களையும் அழித்துவிடாமல் இருக்க நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை வேண்டும். அதனால் தொற்று வரும் அபாயம் உண்டு. அந்த ஆய்வில் ஒருவர் மூளைக்காய்ச்சலில் இறந்தும் போனார். சீனப் பெண்ணோ கல்லீரல் மாற்றம் செய்துகொண்டு ஏற்கெனவே அந்த மாத்திரையில் இருந்தவர். அண்ணன் அனுப்பிய செய்தியில் இது இல்லவே இல்லை.

வெர்டெக்ஸ் ஆய்வில் சேர்ந்தவர்கள், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்கி விழுகிற பெரியவர்கள். என் மகளுக்குத்தான் முதல் நடுக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே.

டாக்டர் சொல்லித்தான் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டைப் பார்த்தேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் அதில் பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். சென்டர் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி டைப் 1-க்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம், அதற்கு நோயாளியிடம் காசும் வாங்கக்கூடாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதிப் பேர் மலையிறங்கவே வேண்டியதில்லை.

முன்பணத்துக்கு எடுத்து வைத்திருந்ததில் கையில் ஒட்டும் சென்சார் வாங்கினோம். சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கிறது. நடு ராத்திரி எழுந்து அவள் விரலைக் குத்துகிற வேலை இப்போது எனக்கு இல்லை.