கறுப்பு டி-ஷர்ட்டில் சிக்குக் கோலம்: இதுவரை நான்கு சட்டைகள்

மார்கழி முழுக்க அம்மா வாசலில் போட்ட கோலங்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றையாவது சட்டையில் கொண்டுவர வேண்டும் என்று தை பிறந்ததும் ஆரம்பித்தேன். இதுவரை நான்கு சட்டை ஆகியிருக்கிறது.

முதலில் துணி. திருப்பூர் காதர்பேட்டையில் கறுப்பு ரவுண்டு நெக் ஐந்து வாங்கினேன். எல்லாம் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை. இதைவிட மெல்லிய துணியில் பெயிண்ட் பின்பக்கம் இறங்கிவிடும், பிரஷ்ஷோடு துணியும் இழுபடும். முழுக் காட்டனா என்று கேட்டு வாங்குங்கள். பயோ வாஷ் செய்தது கிடைத்தால் விடாதீர்கள். அதில் மேலே நிற்கும் பிசிறை நொதி தின்றிருக்கும், கோடு சுத்தமாக விழும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு ஒரு முறை துவைத்துக் காயவைத்தேன். வாசனைக் கண்டிஷனர் சேர்க்கவில்லை, அது துணியில் படிந்தால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. சுருங்க வேண்டியது சுருங்கிவிடுவதும் நல்லது.

முதல் சட்டை: ஸ்டென்சில். நேர்ப்புள்ளி, 1-3-5-3-1, மொத்தம் 13 புள்ளி. ஓஎச்பி ஷீட்டில் வரைந்து கட்டர் பிளேடால் பொறுமையாக வெட்டினேன். ஒன்றரை மணி நேரம். வெட்டி முடித்துத் தூக்கினால், புள்ளிகளைச் சுற்றியிருந்த கண்கள் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்துவிட்டன. யோசித்தால் அப்படித்தான் ஆகும். சிக்குக் கோலத்தின் இழை எங்கும் விடுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்வது. அந்த இழையை வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இன்னொரு ஷீட்டில் ஆங்காங்கே பாலம் விட்டு வெட்டி, ஸ்பாஞ்சால் வெள்ளையை ஒற்றினேன். கோலம் விழுந்தது, ஆனால் துண்டு துண்டாக. அம்மா பார்த்துவிட்டு, "கம்பி எங்கயும் விடக்கூடாது கண்ணு. விட்டா அது கோலமே இல்ல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பூ, கிளி, மீன் போன்றவற்றுக்கு ஸ்டென்சில் அருமையான வழி. எழுத்திலும் ‘ட’, ‘ப’ எளிது. ‘க’, ‘ண’, ‘இ’ என்றால் சுழிக்குள் பாலம் வேண்டும்.

இரண்டாவது: பிளீச். பாட்டிலில் வரும் திரவ பிளீச்சைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, நைலான் பிரஷ்ஷால் கோடு இழுத்தேன். ஜன்னல் எல்லாம் திறந்து, கையுறை போட்டுக்கொண்டுதான். கறுப்பு வெளுத்து வெள்ளையாகும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. இந்தச் சாயம் செம்மண் நிறத்துக்கு வந்து நின்றது. கோலத்தைச் சுற்றி இடும் காவியேதான்! ஆனால் பனியன் துணி ஈரத்தை உறிஞ்சிப் பரப்பும் என்பதால் மெல்லிய கோடெல்லாம் விரல் தடிமனுக்கு விரிந்துவிட்டது.

நான்காவது துவைப்பில் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டை விழுந்தது. தண்ணீரில் அலசியது போதவில்லை. துணியில் தங்கிய பிளீச் பஞ்சு இழையை மெல்ல அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இதற்கு மருந்து மீன் தொட்டிக் கடையில் இருக்கிறது. தண்ணீரில் குளோரினை முறிக்க விற்கும் சோடியம் தயோசல்பேட் கற்கள். நிறம் போதும் என்று தோன்றியதும் நன்றாக அலசி, இதைக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். பிளீச்சை முறிக்கிறேன் என்று வினிகரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

மூன்றாவது சட்டைக்கு அம்மாவின் வழி. முதலில் புள்ளி, அப்புறம் இழை. மாவுக்குப் பதில் வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்ட், விரலுக்குப் பதில் மருதாணி கோன். காலி கோனில் பெயிண்டை நிரப்பி நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினேன். தண்ணீர் கலக்கவில்லை. கை நடுங்காமல் வளைவு வர, முதலில் பழைய செய்தித்தாளில் நாற்பது முறையாவது போட்டுப் பார்த்தேன். கோனை அழுத்துவதும் கையை நகர்த்துவதும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். கை தயங்கினால் அந்த இடத்தில் குமிழ் நிற்கும்.

கோடு நன்றாகவே வந்தது. பிழை வேறு இடத்தில். சட்டைக்குள் பிளாஸ்டிக் சுற்றிய அட்டையை நுழைத்து, துணி அசையாமல் இருக்க இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டிருந்தேன். காய்ந்து கிளிப்பை எடுத்ததும் துணி பழைய அகலத்துக்குச் சுருங்கியது, வட்டமாகப் போட்ட கண்கள் எல்லாம் முட்டை வடிவமாகிவிட்டன. பனியன் துணி அகலவாக்கில் அதிகம் நீளும். அட்டை சட்டையைவிட இரண்டு சென்டிமீட்டர் சிறியதாக இருக்கட்டும், துணி சும்மா படிந்து கிடந்தால் போதும்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் மார்பில் ஒரு சதுரத்துக்கு நான்கு பக்கமும் பிளீச்சால் பட்டையாகக் காவி. இங்கே பரவினாலும் குற்றமில்லை, வாசலில் காவியும் அப்படித்தான் ஓரம் கலங்கி நிற்கும். முறித்து, அலசி, காயவைத்து, மறுநாள் உள்ளே அதே 13 புள்ளிக் கோலம், புள்ளிக்குப் புள்ளி 3 சென்டிமீட்டர். வெள்ளை பெயிண்ட் காயக் காயக் கறுப்பில் மங்கும். அதனால் நான்கு மணி நேரம் விட்டு அதே இழை மேல் இன்னொரு முறை ஓடினேன். தடியாக ஒரே பூச்சு கொடுத்தால் நீளும்போது வெடிக்கும், மெல்லியதாக இரண்டு கொடுத்தால் நிற்கிறது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சட்டையை உள்வெளியாகத் திருப்பி, ஆவி இல்லாமல் காட்டன் சூட்டில் ஐந்து நிமிடம் தேய்த்தேன். அதன்பின் மூன்று நாள் தண்ணீர் படவிடவில்லை.

இப்போது ஆறு துவைப்பு ஆகிவிட்டது, எல்லாம் உள்வெளியாகத் திருப்பிக் கையால். இழை எங்கும் விடவில்லை. அம்மா விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று முழுக்கப் போய்ப் பார்த்தார்.

ஐந்தாவது அட்டையில் மாட்டியிருக்கிறது. 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளி, மொத்தம் 37. புள்ளி வைத்தாகிவிட்டது, காய்கிறது. இழையை நாளை காலை அம்மா இழுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கோன் பிடித்துச் செய்தித்தாளில் பழகிக்கொண்டிருக்கிறார்.