மருந்துக்கு மசியாத சிலந்திப்பேன்

என் எலுமிச்சை மரங்களுக்குச் சிலந்திப்பேன் மருந்து வாங்கும்போது, புட்டியின் பெயர் மாறினாலே மருந்தும் மாறிவிட்டதாக நெடுநாள் நம்பியிருந்தேன். பிரேசிலின் ஆரஞ்சுத் தோப்புகளைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை கலைந்தது.

அங்கே லெப்ரோசிஸ் என்னும் வைரஸ் நோயைப் பரப்பும் பிரெவிபால்பஸ் சிலந்திப்பேன், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எட்டுக்கால் உயிர். முட்டையையும் இளம்பருவத்தையும் அழிக்கும் ஹெக்ஸிதயசாக்ஸ் மருந்துக்கு அது எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. இதன் பெண்கள் பெரும்பாலும் ஆண் துணையின்றியே பெண்களை ஈனுகின்றன. உடலுக்குள் வாழும் கார்டினியம் என்னும் பாக்டீரியா, ஆணாகப் பிறக்க வேண்டியவற்றைப் பெண்ணாக்கிவிடுகிறது. அப்பெண்களிடம் ஒற்றைத் தொகுதி குரோமோசோம்களே இருப்பதால், எதிர்ப்புத் தரும் மரபணு மாற்றம் இணை மரபணுவின் பின்னால் மறைந்திருக்க இடமின்றி உடனே வெளிப்பட்டு, தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே சென்றுவிடுகிறது. இப்படியோர் ஏற்பாட்டை எதிர்த்துத்தான் நாம் விசைத்தெளிப்பானைத் தூக்குகிறோம்!

எலுமிச்சை இனங்களையும் தாக்கும் இருபுள்ளிச் சிலந்திப்பேனில், மேலோட்டுக்கு வேண்டிய கைட்டின் என்னும் பொருளை உருவாக்கும் நொதியின் 1017ஆம் அமினோ அமிலம் ஒன்று மாறினாலே எடாக்சசோல் என்னும் மருந்து பயனற்றுப் போவது 2012இல் தெரியவந்தது. ஹெக்ஸிதயசாக்ஸ், க்ளோஃபென்டசின் ஆகிய மருந்துகளும் அதே நொதியையே குறிவைக்கின்றன. ஆகவே இம்மூன்றையும் மாற்றி மாற்றித் தெளிப்பது, எதிர்ப்பாற்றலைத் தடுக்கும் மருந்துச் சுழற்சியே ஆகாது. இப்போது நான் பெயரைப் பார்ப்பதில்லை. செயல்படும் முறையைக் குறிக்கும் குழு எண்ணைத்தான் தேடுகிறேன், இம்மூன்றும் சேர்ந்த 10 என்றிருந்தால் அடுத்த முறை வேறு குழு.