கம்பத்தில் தொங்கும் லைட்டர்

போன மாதம் அம்மாவை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். ஒரு குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள், அம்மா மூன்று முறை ஊதினாள், மூன்று முறையும் பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "வீட்டில யாராவது சிகரெட் பிடிப்பாங்களாம்மா?" அம்மா யோசிக்கவே இல்லை. "இல்லீங்க, யாருமே இல்ல."

பொய் இல்லை. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அதற்கு முன்னால் முப்பத்தோரு வருடம் அம்மா அவர் பக்கத்திலேயே இருந்தாள். "ஏம்மா, அப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா என் பக்கம் திரும்பி, "அவர் பிடிச்சார். நான் பிடிக்கலையே" என்றாள்.

அந்தப் பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் அப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. ஒரே ஒரு ட்ரெடில் மெஷின், எழுத்து அடுக்கிய மரப்பெட்டிகள், கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. ஜன்னல் ஒன்றுதான், அதையும் பேப்பர் பறக்கிறது என்று சாத்தியே வைத்திருப்பார்கள். அப்பா ஒரு பக்கம் ப்ரூஃப் பார்த்துக்கொண்டே சிகரெட், எழுத்து கோக்கும் கம்பாசிட்டர் மாமா பீடி, ரசீது வாங்க வருகிறவரும் நின்றபடி ஒன்று பற்ற வைப்பார். அம்மா தரையில் உட்கார்ந்து மைதா பசை தடவி பில் புத்தகம் பைண்டிங் செய்வாள். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கல்யாண சீசனில் ராத்திரி பதினோரு மணி வரை. நானும் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதினேன். எனக்குச் சின்ன வயதில் அடிக்கடி காது வலி வரும், நெஞ்சில் சளி கட்டும். குழந்தைக்குச் சீதள உடம்பு என்று சொல்லிக் கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தார்கள்.

அம்மாவின் நுரையீரல் கெட்டதற்கு அப்பாவின் சிகரெட் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, ஸ்டவ் புகை, ஊர்ப் புழுதி எல்லாம் சேர்ந்துதான் என்றார். சரி. ஆனால் 1981-லேயே ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகை பிடிக்காத 91,540 மனைவிகளைப் பதினான்கு வருடம் தொடர்ந்து கவனித்து, கணவர் எவ்வளவு அதிகமாகப் பிடிக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறுகிறது என்று எழுதிவிட்டார். என் அம்மாவைப் போன்ற பெண்களைப் பற்றிய ஆய்வு அது. அது வந்த பிறகும் எத்தனையோ வருடம் அம்மா அந்தத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள், யாரும் வந்து சொல்லவில்லை.

இன்னொன்றையும் நிறையப் பேர் யோசிப்பதில்லை. சிகரெட் பிடிப்பவர் உள்ளே இழுப்பது ஃபில்டர் வழியாக. விரலிடுக்கில் சும்மா எரிகிறதே அந்த நுனி, அதிலிருந்து வருகிற புகைக்கு ஃபில்டரும் கிடையாது ஒன்றும் கிடையாது, சூடும் குறைவு என்பதால் சரியாக எரியாமல் வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் போவதில் பெரும்பகுதி அந்தப் புகைதான். அதில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஃபேன் போட்டால் போய்விடும், எக்ஸாஸ்ட் வைத்தால் போய்விடும் என்பதெல்லாம் உண்மை இல்லை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ல் வெளியிட்ட அறிக்கையே, இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஒரு அளவே கிடையாது, காற்றோட்டத்தால் இதைச் சரி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. வீட்டிலோ வேலை இடத்திலோ அடுத்தவர் புகையில் இருப்பவருக்கு இதய நோய் அபாயம் 25-லிருந்து 30 சதவீதம் கூடுகிறது என்பதும் அதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆற்காடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். நிழற்குடையை ஒட்டியே ஒரு டீக்கடை. அதன் முன்கம்பத்தில் நூல் கட்டி ஒரு லைட்டரைத் தொங்க விட்டிருந்தார்கள், சென்னையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் பார்க்கலாம் (நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது கனன்றுகொண்டிருக்கும் கயிறு). ஒருவர் வந்து டீ சொல்வார், ஒரு சிகரெட் வாங்கி, லைட்டரை இழுத்துப் பற்ற வைத்து, வெயில் என்று நிழற்குடைக்குள் வந்து நிற்பார். அன்று நான்கு பேர். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெயிலுக்கு நகர்ந்தாள். எழுபதை நெருங்குகிற, அப்போதுதான் இன்ஹேலர் வாங்கிக்கொண்டு வருகிற பெண் வெயிலுக்குப் போகிறாள், தம் அடிக்கிறவர்கள் நிழலில் நிற்கிறார்கள். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

ஒருவரிடம் சொன்னேன், "சார், அம்மாவுக்கு மூச்சு முடியல, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிங்களேன்." அவர் போய்விட்டார், மரியாதையாகத்தான் போனார். அடுத்த நிமிடம் வேறு ஒருவர் வந்தார். நாள் முழுக்க நானா நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச முடியும்?

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். பொது இடத்தில் புகைப்பதை நாடு முழுக்கத் தடுக்கச் சொல்லி 2001 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, காங்கிரஸ் அரசியல்வாதி முரளி தேவ்ரா போட்ட வழக்கில். அப்புறம் 2003-ல் புகையிலைப் பொருட்கள் சட்டம். 2008-ல், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, காந்தி ஜெயந்தி அன்று புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளைப் படித்தபோதுதான் எனக்கு நிறைய விஷயம் புரிந்தது. திறந்த வெளிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் பஸ் நிறுத்தம் அந்த விலக்கில் வராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். தனியாகப் புகைக்கும் இடம் வைத்துக்கொள்ள உணவகத்தில் முப்பது பேராவது உட்கார இடம் வேண்டும், அதனால் நம் டீக்கடைகளுக்கு அந்தச் சலுகையே கிடையாது. முக்கியமாக, பொறுப்பு யாருடையது? அந்த இடத்தின் உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர். அவர்கள்தான் போர்டு வைக்க வேண்டும், யாரிடம் புகார் செய்வது என்று பெயர் எழுத வேண்டும், ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துத் தரக் கூடாது. லைட்டர்! அந்த நூலில் தொங்குகிறதே, அதுவேதான்.

பிடிக்கிறவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை என்பது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு என்பது எனக்கே இவ்வளவு நாள் தெரியாது. புகை தாங்காதவர் எழுந்து போய்ப் பிடிக்கிறவரிடம் கேட்க வேண்டும், சண்டை வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். சட்டம் அப்படி எழுதப்படவே இல்லை.

மறுநாள் காலை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் டீ வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பேசினேன். "அண்ணா, அந்த லைட்டரை மட்டும் எடுத்துடுங்களேன்." அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "யாவாரம் போயிடும்மா, டீயில என்ன கிடைக்குது, தம்முக்கு வர்றவன்தான் டீயும் சாப்பிடுறான்" என்றார். அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. பாய்லர் பக்கத்தில் டீ மாஸ்டர் நின்றிருந்தார். அவர் புகைக்க மாட்டாராம், பதினெட்டு வருடமாக அதே கம்பத்துக்கு மூன்றடி தள்ளி நிற்கிறார். நாங்கள் பஸ் வந்தால் போய்விடுவோம், அவர் எங்கே போவார்? கனடாவில் ஹீதர் க்ரோ என்று ஒரு பெண், புகைத்ததே இல்லை, நாற்பது வருடம் உணவகங்களில் பரிமாறியவர், நுரையீரல் புற்றுநோய் வந்து 2006-ல் இறந்தார். சாகும் முன் வேலை செய்கிறவர்களுக்காக நாடு முழுக்கப் போய்ப் பேசினார். மாஸ்டரைப் பார்த்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. கடைக்காரரிடம் மாஸ்டரைக் காட்டி, "இவருக்காகவாவது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒருவர், "ஏங்க, மெட்ரோ வேலை நடக்குற தூசியும் பஸ் புகையும் இருக்குறப்ப இந்தச் சிகரெட்டா உங்க கண்ணுக்குத் தெரியுது?" என்று கேட்டார். தெரிகிறது. தூசியும் கெடுதல்தான், அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ரயில் பாதை வேலை முடிய நாளாகும், இந்த லைட்டரை அவிழ்க்க ஒரு நிமிடம் போதும்.

வீட்டுக்குள் இந்தச் சட்டம் வராது. 2016-17 தேசிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டில்தான் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள். அப்படியானால் வெளியில் தடை போட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் அப்பாவைத்தான் சொல்வேன். அப்பா பல்லவன் பஸ்ஸில் (அப்போதைய சென்னை டவுன் பஸ்) ஒரு நாளும் பற்ற வைத்ததில்லை. 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கும், கண்டக்டர் இருப்பார், திருவல்லிக்கேணியிலிருந்து தாம்பரம் வரை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார், இறங்கியதும் முதல் வேலை அதுதான். ஆக அவரால் ஒரு மணி நேரம் அடக்கிக்கொள்ள முடிந்தது. முன்பின் தெரியாத ஐம்பது பேருக்காக அடக்கினார். மனைவிக்கும் மகளுக்கும் அது ஏன் இல்லை? அன்பு இல்லாமல் இல்லை, எனக்கு ஜுரம் என்றால் தூங்க மாட்டார். பஸ்ஸில் ஒரு பலகை இருந்தது, வீட்டில் யாரும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தெருவுக்குப் போங்கள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போயிருப்பார் என்றுதான் நம்புகிறேன். இப்போது என் தலைமுறை ஆண்கள் மொட்டை மாடிக்கும் தெருமுனைக்கும் போகிறார்களே, வெளியில் பார்த்துப் பழகியதுதான் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது.

விதியில் சொன்ன அளவிலேயே, 60-க்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பலகையில் 'புகை பிடிக்கக் கூடாத இடம், இங்கே புகை பிடிப்பது குற்றம்' என்று அச்சடித்து வாங்கினேன். எழுத்து இடைவெளி சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், அச்சகத்தில் வளர்ந்த பழக்கம். கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்துப் போனபோது பலகை மாட்டியிருந்தது, லைட்டர் இருபதடி தள்ளி ஒரு வேப்பமரத்து ஆணிக்குப் போயிருந்தது. அம்மா நிழற்குடையில் உட்கார்ந்து பஸ் வரும் வரை மூக்கை மூடாமல் இருந்தாள்.

நேற்று பார்த்தேன், லைட்டர் மறுபடி கம்பத்துக்கே வந்துவிட்டது. நாளைக் காலை டீ குடிக்கப் போகிறேன், திரும்பவும் கேட்பேன்.