ஐஸ்லாந்தில் ஒரு கார் கதவு

ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுத்து ஓட்டப்போகிறேன் என்றதும் கோவையில் எல்லோரும் பயமுறுத்தியது, அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லித்தான். நானும் அதற்குத்தான் பயந்தேன். ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி, ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியதோடு விடாமல், ராத்திரியெல்லாம் ரவுண்டானா வீடியோக்களாகப் பார்த்தேன்.

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் சாவியை வாங்கிக்கொண்டு கெத்தாகப் போய் ஏறி உட்கார்ந்தால், எதிரே ஸ்டீயரிங்கைக் காணோம். இறங்கிச் சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் இன்டிகேட்டர் போட நினைத்த போதெல்லாம் வைப்பர் ஓடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் மனைவி, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி “ரைட்டு... ரைட்டு” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். சிரிப்பாக இருந்தாலும் அதுதான் காப்பாற்றியது. எதிரே வண்டி வந்தால் நமக்கே புத்தி வந்துவிடும், காலையில் ஆளில்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும். ரவுண்டானாவில் உள்தடத்தில் இருந்து வெளியேறுகிறவருக்கு வெளித்தடத்தில் போகிறவர் வழிவிட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம், இதை மட்டும் போவதற்கு முன்பே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர்களே 1968 மே 26 வரை இடப்பக்கம் ஓட்டியவர்கள்தான் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சரி, இரண்டாம் நாளே பழகிவிட்டது. தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே தடம், பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்கக்கூட இடமில்லை. தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80தான் உச்ச வேகம். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் அதே வேகத்தில் இறங்கினால் வண்டி வழுக்கும், முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். ‘எய்ன்பிரெய்த் ப்ரூ’ என்று பலகை இருந்தால் ஒரு வண்டி மட்டும் போகிற பாலம் என்று அர்த்தம். முதலில் நெருங்குகிறவர் போகலாம் என்பார்கள், நான் எதிரே ஒரு புள்ளி தெரிந்தாலே நின்றுவிடுவேன். அப்புறம் ஆடுகள். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் உடனே பிரேக்கில் கால் வையுங்கள், குட்டி நிச்சயம் தாயிடம் ஓடும்.

நான் மாட்டிக்கொண்டது இது எதிலும் இல்லை. விக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கருமணல் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் இறங்குவதுபோல ஒற்றைக் கையால் கதவைத் திறந்தேன். பின்னாலிருந்து வந்த காற்று அதைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கியது, கீல் கிறீச்சிட்டது. திரும்ப மூடினால் விரல் நுழைகிற சந்து. ரெய்க்யாவிக் வரை 180 கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சந்து விசிலடித்துக்கொண்டே வந்தது.

காற்றில் கதவு போனால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மிச்ச நாட்களில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, வண்டியின் மூக்கை அதற்கு எதிராக நிறுத்தி, ஒருவர் இறங்கி மூடிய பிறகுதான் அடுத்தவர், அதுவும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

கதவுக்கான பணத்தைக் கார்டில் எடுத்துக்கொண்டார்கள். மணல், எரிமலைச் சாம்பலுக்கென்று தனியாகக் காசு கட்டி ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தேன், அதற்குக் கடைசிவரை வேலையே வரவில்லை.