படத்தில் இருக்கும் வேர் உழைக்கிறதா?

வேர்களைப் படமெடுப்பதுதான் என் வேலை என்றால், கேட்பவர்கள் கருவிகளைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது மண். அதை எவ்வளவு சலிப்பது, எவ்வளவு அழுத்தி நிரப்புவது, எந்த ஈரத்தில் நிறுத்துவது என்பதிலேயே படத்தின் தலையெழுத்து பாதி முடிவாகிவிடுகிறது.

இத்துறைக்குள் நான் நுழைந்தது தண்ணீர்க் குழாயடி வழியாக. செடியை மண்கட்டியோடு சல்லடையில் வைத்துக் கழுவி, மிஞ்சிய வேர்களை நீர்த்தட்டில் பரப்பி ஸ்கேன் செய்வோம். நீளத்தையும் விட்டத்தையும் மென்பொருள் சொல்லிவிடும். ஆனால் கழுவும்போதே நுண்வேர்கள் அறுந்து சல்லடைக் கண் வழியே போய்விடும். வேரின் மேல் மயிரிழை போல முளைக்கும் வேர்த்தூவிகளைக் கேட்கவே வேண்டாம். 1937இல் டிட்மர் என்ற ஆய்வாளர் ரை என்ற தானியப் பயிரின் ஒரே ஒரு செடியின் வேர்களை அளந்து, மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கும் அதிகம் என்று கணக்கிட்டார். வேர்த்தூவிகளின் நீளம் தனியே 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. அதைப் படித்த பிறகு எங்கள் அட்டவணைகளின் தசம இலக்கங்கள் மீது எனக்கிருந்த மரியாதை குறைந்தது.

செடியைப் பிடுங்காமலே பார்க்க, பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து முப்பரிமாணப் படமாக்கும் எக்ஸ்ரே சி.டி. இருக்கிறது. அங்கே வேறு பேரம். எக்ஸ்ரேயைப் பதியும் உணர்பலகையில் ஒரு வரிசைக்குச் சுமார் 2,000 புள்ளிகள் என்றால், 10 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் ஒரு புள்ளி 50 மைக்ரான். வேர்த்தூவியின் தடிமனோ 10 மைக்ரான் அளவுதான். நுணுக்கம் வேண்டுமானால் தொட்டியைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வேர் சுவரில் முட்டி வளைந்து, செடியின் இயல்பை விட்டுத் தொட்டியின் வடிவத்தைக் காட்டும். போதாக்குறைக்கு வேரிலும் நீர். மண் இடுக்கிலும் நீர். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் விழுகின்றன. வேரின் எல்லையைக் கையால் வரையச் சொன்னால், அனுபவமுள்ள இருவர் இருவிதமாக வரைவார்கள். இன்று அந்த வேலையைக் கணினி கற்றுக்கொண்டுவிட்டது. யார் வரைந்ததிலிருந்து கற்றது என்று கேட்பவர்தான் குறைவு. எம்.ஆர்.ஐ.யில் நீர் அழகாகத் தெரியும் என்றாலும், இரும்புத் துகள் மிகுந்த மண்ணில் அது படத்தையே குலைத்துவிடும்.

இதெல்லாம் பொறியியல் தொல்லை, பழகிவிடும். எனக்கு இன்றும் பழகாதது வேறொன்று: தெரிகிற வேர் வேலை செய்கிறதா என்பது. வயலில் சாய்வாகப் புதைத்த ஒளி புகும் குழாய்க்குள் கேமராவை இறக்கி, அதே வேரை வாரக்கணக்கில் தொடரலாம். வெள்ளையாக இருந்தது பழுப்பாகும். செத்துவிட்டதா, முதிர்ந்ததா? பழுப்பான வேரும் பலகாலம் உயிரோடிருக்கலாம். இறந்த தேதியைப் பெரும்பாலும் வேர் சுருங்கியோ மறைந்தோ போனபின் பின்னோக்கித்தான் குறிக்கிறோம்.

இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றில் நேர்மையான விடை தந்தது, எக்ஸ்ரேக்குப் பதில் நியூட்ரான் துகள்களைப் பாய்ச்சி எடுக்கும் நியூட்ரான் படம். சாதாரண நீர் நியூட்ரான்களை வலுவாகத் தடுக்கும். ஹைட்ரஜனின் கனமான வகையால் ஆன கனநீர் அவ்வளவாகத் தடுக்காது. எனவே வேரருகே கனநீரைச் செலுத்தினால், அது உள்ளே நுழையும் வேகத்தை படத்தில் வேரின் சாம்பல் நிறம் மாறுவதிலிருந்தே கணிக்கலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு லூபின் என்ற பயறு வகைச் செடியில் இப்படிப் பார்த்து, நீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது பக்கவேர்கள்தான் என்று காட்டியது. படத்தில் கம்பீரமாக நிற்கும் ஆணிவேர் முக்கியமாக அந்த நீரை மேலே கடத்தும் பாதை. தடிமனை வைத்து முக்கியத்துவத்தை எடைபோடும் பழக்கம் எங்களிடம் எவ்வளவு ஊறியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

நியூட்ரான்களை உருவாக்கித் தரும் வசதி எல்லா ஆய்வகங்களுக்கும் கிடைப்பதில்லை. எனவே புதிதாகச் சேருபவர்களிடம், ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் பின்பும் தொட்டியை எடை போடச் சொல்கிறேன். மண்ணின் மேற்பரப்பை மூடி வைத்தால், எடையில் ஏற்பட்ட குறைவு ஏறக்குறைய செடி குடித்த நீர். தராசில் நிற்க வைப்பதைச் சிலர் அலுப்பாக நினைக்கிறார்கள். ஒரே அளவு வேர் தெரியும் இரு செடிகளில் ஒன்று மற்றதைவிட அதிகம் குடித்திருப்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை நானும் வற்புறுத்திக்கொண்டிருப்பேன்.