அந்தோணியாருக்குக் கடன்பட்ட பெயர்

பாப்பா பிறந்து ஏழு மாதம் பெயர் இல்லாமலேதான் கிடந்தாள். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் முடிந்துவிட்டது, பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலி. 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் நாங்கள் எல்லோரும் அவசரமே படாமல் நிதானமாகச் சண்டை போட்டோம்.

சண்டைக்குக் காரணம் அத்தையின் நேர்ச்சை. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லை. அத்தை (என் மாமியார்) அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஜாடையாகக் குத்தினதும் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமையானால் விடியுமுன்னே பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரையில் இருக்கிற உவரி அந்தோணியார் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார். பதின்மூன்று செவ்வாய் போனார். கடைசிச் செவ்வாய் அந்தோணியார் முன்னால் முழங்கால் போட்டு என்ன சொன்னாராம் என்றால், "பிள்ளையத் தாரும், ஆணோ பொண்ணோ உம்ம பேரையே வைக்கேன், உம்ம கோயில்லயே மொட்டை போட்டு ஞானஸ்நானமும் குடுக்கேன்."

பிறந்தது பெண். அப்படியென்றால் அந்தோணியம்மாள்.

எனக்கு அந்தோணியார் மேல் பக்திக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சென்னையில் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் அந்தோணியம்மாள் என்று எழுந்து நிற்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது. என் போனில் ஒரு பட்டியல் இருந்தது, எல்லாம் இரண்டெழுத்து மூன்றெழுத்து, எந்த நாட்டுப் பெயர் என்றே சொல்ல முடியாத பெயர்கள். இவர் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்பார். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மாமா வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு நாள், காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "எங்கம்மா பேரு தெரசம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதல் பேத்திக்குப் பெரியவர்கள் பெயர் வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தானே, அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கு மூன்றாகிவிட்டது.

சரி, பெயர் கிடக்கட்டும், ஞானஸ்நானத்துக்கு வேலையைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். தவக்காலம் வேண்டாம், பாஸ்கா (ஈஸ்டர்) முடியட்டும் என்று மே மாதத்தில் ஒரு செவ்வாய் குறித்தாயிற்று. உவரியில் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: நாம் சேர்ந்த கோயில், அதாவது சொந்தப் பங்கு, அல்லாத கோயிலில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்தான்) கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிப் போக வேண்டும். வீடு பாளை மறைமாவட்டம், உவரி தூத்துக்குடி மறைமாவட்டம், நாங்கள் குடியிருப்பதோ சென்னை, ஆக எந்தப் பங்கில் கடிதம் கேட்பது என்பதற்கே இரண்டு வாரம் போனது. கல்யாணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஞானப்பெற்றோரின் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாங்குகிற இன்னொரு அருட்சாதனம்) சான்று எல்லாம் கையில் இருக்கட்டும்.

அந்தக் கடைசிச் சான்றில்தான் பூதம் கிளம்பியது. ஞானத்தந்தை என் அண்ணன்தான் என்று பிள்ளை பிறக்கும் முன்னேயே பேசி வைத்திருந்தோம். பார்த்தால் அண்ணன் உறுதிப்பூசுதலே வாங்கவில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாறினபோது அது விட்டுப்போய், பிறகு யாரும் ஞாபகம் வைக்கவில்லை. ஞானப்பெற்றோராக நிற்க 16 வயது முடிந்து உறுதிப்பூசுதல் வாங்கின கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது சட்டம், ஃபாதர் நயமாகத்தான் சொன்னார், அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. என் உயிர்த் தோழியைக் கேட்கலாமென்றால் அவள் சிஎஸ்ஐ, கத்தோலிக்கர் அல்லாத வேறு சபை, சாட்சியாக நிற்கலாமே தவிர ஞானத்தாயாக முடியாது. பாளையங்கோட்டையில் பாதி வீட்டில் இந்தக் கதை உண்டு. கடைசியில் என் மதினி, இவருடைய அக்கா, ஞானத்தாயானார். ஒருவர் இருந்தாலே போதும். "மொட்டை எடுக்கும்போது மடியில வைக்கிறது தாய்மாமன்தான், அதுக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் வேண்டாம்" என்று மதினியே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் அவன் வருவதாகவே ஒத்துக்கொண்டான்.

திங்கள்கிழமை மதியம் வேனில் கிளம்பினோம். நேரே உவரி போயிருக்கலாம், மாமாதான் வள்ளியூர் தாண்டியதும் டிரைவரிடம் "வடக்கன்குளம் போப்பா" என்றார். அவருடைய அம்மா பிறந்த ஊர் அது. காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றாமல் நின்றன. அப்படியொரு புழுக்கம், பாப்பா சிணுங்கிக்கொண்டே வந்தாள்.

வடக்கன்குளம் கோயிலை நான் அதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்து, பீடத்தில் வந்து சேருகிற கோயில். ஒரு காலில் ஒரு சாதி, இன்னொரு காலில் மற்றவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண நடுவில் சுவர். அந்தச் சுவரை 1910-இல் இடித்தார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பக்தியோடு போகிற இடத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், உள்ளே நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் இதைத் தவிர வேறு எது ஞாபகம் வரும்?

நட்டாலத்து நீலகண்டன் 1745 மே 14-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான். திருவிதாங்கூர் அரண்மனை வேலையில் இருந்தவர், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்தவ வேதத்தைத் தெரிந்துகொண்டு, பரஞ்சோதிநாதர் என்று நம் ஜனங்கள் கூப்பிட்ட இயேசு சபைக் குருவிடம் வந்து நின்றார். அவருக்கு வைத்த பெயர் லாசர். அதை லாசர் என்றே விடாமல் தமிழில் தேவசகாயம் என்றார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததை மாமா டிவி முன்னால் சட்டை போட்டு உட்கார்ந்து பார்த்தார் என்று அத்தை இப்போதும் கேலி செய்வார்.

கும்பிட்டு முடித்ததும் மாமா எங்களைத் தேவசகாயத்தின் மனைவியுடைய கல்லறைக்குக் கூட்டிப் போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தேவசகாயம் பிள்ளை கதையை ஞாயிறு மறைக்கல்வியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்த அம்மா பெயரை நான் நினைவில் வைக்கவே இல்லை. பார்கவி என்று பிறந்தவர், கணவர் வேதத்தில் சேர்ந்ததும் தானும் சேர்ந்தார், அவரைக் கொன்ற பிறகு சொந்த ஊரில் இல்லாமல் இங்கே வந்து மிச்சக் காலத்தைக் கழித்தார். சங்கிலியும் சாட்டையும் துப்பாக்கியும் கதையில் வந்துவிடும், சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்த மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்தாளே ஒருத்தி, அவளைப் பற்றி யார் பேசினோம். கல்லறை மேல் முந்தின நாள் மெழுகுதிரி உருகி உறைந்து கிடந்தது. பாப்பா என் இடுப்பிலிருந்து எட்டி அந்த மெழுகில் நகத்தை வைத்துச் சுரண்டினாள், ஒரு சில்லு பெயர்ந்து வந்தது, அதை வாயில் போடுமுன் பிடுங்கினேன், அழுதாள்.

"ஞானப்பூ" என்றார் மாமா. நான் பிள்ளையைக் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். "இவிய ஞானஸ்நானப் பேரு ஞானப்பூ. தெரேசாதான் அது, தமிழ்ல ஞானப்பூ. எங்கம்மா இந்த ஊர்க்காரில்லா, கோயில் புஸ்தகத்துல தெரசம்மான்னு இருக்கும், அவ ஆத்தா கூப்பிட்டது ஞானப்பூன்னுதான். கட்டிக்கொடுத்து பாளைக்கு வந்த பெறவு அப்படிக் கூப்பிட ஆளில்ல."

இவ்வளவு நீளமாக மாமா பேசி நான் கேட்டதில்லை. அத்தைக்கே இது தெரியாது, நாற்பது வருடம் அந்த மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தவர்.

வேன் ராதாபுரம் தாண்டுமுன்னே நான் இவரிடம் சொல்லிவிட்டேன், ஞானப்பூ என்றே வைப்போம் என்று. "நல்லாருக்கு" என்றார். அத்தைதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்போ அந்தோணியாருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். "அத்தை, அந்தோணியாருக்கே ஞானஸ்நானத்துல வெச்ச பேரு அந்தோணி இல்ல, பெர்னாந்து. லிஸ்பன்ல பொறந்தவரு. பிரான்சிஸ்கன் சபையில சேரும்போதுதான் அந்தோணின்னு மாத்திக்கிட்டாரு." அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் கடற்கரையில பாதிப் பேரு பர்னாந்தா இருக்கானா" என்றார். ஆனால் சம்மதம் என்று சொல்லவில்லை.

உவரியில் அறை விஷயம் ஒன்று. முன்பணம் கட்டி வைத்திருந்த இடத்தில் எங்கள் அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள். பெண்களும் பிள்ளையும் ஒரு அறையில் நெருக்கியடித்துக்கொண்டோம், ஆண்கள் மணலில் படுத்தார்கள். வேண்டுதலுக்காகப் பதின்மூன்று நாள் தங்கி இருக்கிறவர்கள் அங்கே எத்தனையோ பேர், ஒரு ராத்திரிக்கு நாம் என்ன பெரிய மனுசர். கடல் காற்று நல்ல வேளையாக வடக்கன்குளத்துப் புழுக்கத்தை அடித்துக்கொண்டு போனது.

விடியற்காலை அத்தை மட்டும் தனியாகக் கோயிலுக்குள் போனார். கப்பலில் வந்த சுரூபம் அது, வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் அந்தோணியாரை வேண்டிப் பிழைத்து, கப்பல் தச்சன் செதுக்கிய மரச் சுரூபத்தை இந்தக் கரையில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். அத்தை அரை மணி நேரம் கழித்து வந்து, செருப்பை உதறிக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது பேரா இருந்தாலும் சரிதானாம்."

யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மொட்டைக்கு அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். கத்தி படுமுன்னே அவன் கண்ணை மூடிக்கொண்டான், அவள் அலறின அலறலில் அவனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடி கொஞ்சம்தான், பூனை முடி. தலையில் சந்தனம் அப்பியதும் அழுகை சட்டென்று நின்றது, குளிர்ந்திருக்கும்.

பிறகு உப்பும் மிளகும் காணிக்கை போட வரிசையில் நின்றோம். அத்தை கையிலிருந்த பொட்டலம் பிரிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, பாப்பா கையை விட்டு ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முகம் கோணியது, உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது, ஆனால் துப்பவில்லை, சப்பிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். நான் விரலை விட்டு எடுக்கப் போனேன். "விடும்மா" என்றார் மாமா. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் ஞானஸ்நானத்தின்போது சாமியார் குழந்தையின் நாக்கில் உப்பு வைப்பாராம், 'ஞானத்தின் உப்பைப் பெற்றுக்கொள்' என்று லத்தீனில் சொல்லி. 1969-இல் சடங்குமுறையை மாற்றியபோது உப்பு போய்விட்டது. "இவ தானா எடுத்துக்கிட்டா" என்றார்.

திருமுழுக்கு கோயில் வாசலில்தான் தொடங்கும். குருவானவர் வந்து முதலில் கேட்பது பிள்ளைக்கு என்ன பெயர் என்று. ஏழு மாதம் வீட்டில் அத்தனை பேரும் கேட்ட அதே கேள்வி. நான் இவரைப் பார்த்தேன், இவர் அத்தையைப் பார்த்தார், அத்தை தரையைப் பார்த்தார். "ஞானப்பூ அந்தோணியம்மாள்" என்று நான்தான் சொன்னேன், சத்தம் கொஞ்சம் கூடிப்போய் முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். நெற்றியில் சிலுவை, நெஞ்சில் எண்ணெய், மூன்று தடவை தண்ணீர். மொட்டைத் தலையில் தண்ணீர் நிற்காமல் மதினியின் பட்டுச் சேலையெல்லாம் ஓடியது. கிறிஸ்மா தைலம் மட்டும் உச்சியில் வழவழவென்று மினுங்கியது. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியை மதினி பிடித்துக்கொண்டார், பாப்பாவுக்கு மறுபடியும் மெழுகு மேல்தான் கண்.

அசனத்துக்கு, அதாவது விருந்துச் சாப்பாட்டுக்கு, நூறு பேர் என்று சொல்லி வைத்தோம், வந்தது அதற்கு மேல். பாயசம் எங்கள் வீட்டு ஆட்களுக்கு மிஞ்சவில்லை. சாயங்காலம் கப்பல் மாதா கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் பதநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் போனேன். ஆங்கிலத்தில் ஞாவை எப்படி எழுதுவது என்று இவரும் மதினியும் போனில் அடித்துக்கொண்டார்கள், அதைச் சரி செய்து கொடுத்தால் தமிழில் 'ஞானபூ' என்று அச்சாகி வந்தது. பரவாயில்லம்மா யாரு பாக்கப் போறா என்றார் அங்கிருந்தவர். நான் நகரவில்லை. திரும்ப எழுதிக் கொடுத்து மூன்று தடவை நடந்து வாங்கினேன். அன்றைக்கு ராத்திரி மாமா போன் செய்தார், பிள்ளை சாப்பிட்டாளா, சளி போச்சா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஒற்று விழுந்திருக்கா?" என்றார். விழுந்திருக்கு மாமா என்றேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், இரண்டு நீல டிக் வந்தது, பதில் ஒன்றும் வரவில்லை.