பேஸைப் பிடித்துக்கொண்டு ஜாஸ் கேட்பது: இதுவரை

ஜாஸ் கேட்கும் நண்பர்கள் சில பேர் அவ்வப்போது "இப்ப என்ன ஓடுது?" என்று கேட்டுக்கொள்வோம். ஒருவர் ஆல்பத்தின் பெயரைச் சொல்வார், மற்றவர்கள் தேடி எடுத்துக் கேட்பார்கள். எங்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர் என்னிடம், "கொஞ்ச நாளைக்கு ட்ரம்பெட், சாக்ஸபோன் எதையும் துரத்தாதேப்பா. பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்" என்றார். பேஸ் என்றால் இங்கே டபுள் பேஸ், ஆளுயர வயலின் போல நிற்கும், தாழ்ந்த ஒலி தரும் தந்திக் கருவி. அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டு வருகிறேன். ஒரு சமயத்தில் ஒரே ஆல்பம், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, காது பழகும்வரை திரும்பத் திரும்ப.

இதற்கு நல்ல ஹெட்போன் வேண்டும். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போன் ஸ்பீக்கரில் அந்த ஒலி வராது. விலை உயர்ந்தது தேவையில்லை, காதை மூடுகிற சாதாரண ஒயர் ஹெட்போனே போதும்.

முதலில் எடுத்தது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாளில் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவானது. பேஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் தாளமில்லாத சிறு முன்னுரைக்குப் பிறகு மெட்டைச் சொல்வதே பேஸ்தான். பில் எவன்ஸின் பியானோவும் பிறகு மற்றவர்களும் இரண்டு கார்டுகளில் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) அதற்குப் பதில் சொல்கிறார்கள். பேஸைப் பின்தொடரத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எனக்குத் தெரிந்த கணக்கு ஆவர்த்தனத்துக்கு எட்டுத் தட்டு வரும் ஆதி தாளம், அதையே போட்டுப் பார்த்தேன். இந்தப் பாட்டின் ஒரு சுற்று 32 பார் (மேற்கத்திய இசையில் தாளத்தின் ஓர் அளவு), பாருக்கு நாலு தட்டு. இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம், ஆகவே ஒரு சுற்றுக்கு 16 ஆவர்த்தனம். அது நாலு நாலாகப் பிரிகிறது. முதல் எட்டு ஆவர்த்தனமும் ஒரே ஸ்கேல், அதாவது ஒரே ஸ்வர வரிசை. அடுத்த நாலில் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறுகிறது, கடைசி நாலில் பழைய இடத்துக்கே இறங்குகிறது. விரலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் சேம்பர்ஸ் ஏறுவது தெளிவாகக் கேட்கும். மைல்ஸின் தனி வாசிப்பு சரியாக இரண்டு சுற்று. அவர் எங்கே பேசாமல் விடுகிறார், எங்கே சுற்றின் விளிம்பைத் தாண்டி அடுத்ததற்குள் வாக்கியத்தை நீட்டுகிறார் என்பதெல்லாம் அதன் பிறகுதான் பிடிபட்டது.

இந்த ஸ்கேலை மேற்கே டோரியன் என்பார்கள். ஸ்வரங்களை அடுக்கினால் நம் கரகரப்பிரியா ராகம் வரும். ஆனால் கரகரப்பிரியா கேட்ட காதோடு போய் உட்கார்ந்தால் ராகம் கிடைக்காது, ஸ்வரத்தை அசைக்கிற கமகமும் இல்லை, ராகத்தை அடையாளம் காட்டும் பிடிகளும் இல்லை. நம் கச்சேரியில் அடிப்படை ஸ்வரமான ஸட்ஜம் அசையாது. இங்கே நடுவில் நாலு ஆவர்த்தனத்துக்கு ஸட்ஜமே இடம் மாறிவிடுகிறது! தம்புரா போட்டு இதை வாசிக்கவே முடியாது. அந்த இடமாற்றத்தின் பாரத்தைத் தாங்குவது பேஸ். எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகப் பெரிய சந்தோஷம் இதுதான்.

அதே ஆல்பத்தின் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ப்ளூஸ் வடிவம், ஒரு சுற்று 12 பார், அதாவது ஆறு ஆவர்த்தனம். பியானோவில் எவன்ஸுக்குப் பதில் விண்டன் கெல்லி. பாருக்கு நாலு ஸ்வரம் வைத்து நடந்துபோகிற 'வாக்கிங் பேஸ்' எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்'. அதே ஆண்டு மே மாதம், அதே ஸ்டூடியோ. இங்கே பேஸ் வாசிப்பவரே தலைவர், நடுநடுவே உற்சாகத்தில் கத்தவும் செய்கிறார். அந்த மார்ச்சில் இறந்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்காக எழுதிய 'குட்பை போர்க் பை ஹேட்' இதில் இருக்கிறது. 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸைக் குறிவைத்தது. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்தியவர் அவர். இந்த ஆல்பத்தில் பாட்டுக்கு வரிகள் இல்லை. வரிகளோடு வேறொரு நிறுவனத்துக்காக மிங்கஸ் 1960இல் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வரிகள் இல்லாத பதிவிலும் கேலி அப்படியே இருக்கிறது.

அடுத்தது அதிக நாள் எடுத்துக்கொண்டது: பில் எவன்ஸ் ட்ரையோவின் (மூவர் குழு) 'ஸண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்', 1961 ஜூன் 25. பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ 'வாக்கிங் பேஸ்' போல நடக்கவே மாட்டேன் என்கிறார். பியானோ ஒன்று சொன்னால் மேல் ஸ்தாயியிலிருந்து இவர் மறுத்துப் பேசுகிறார், பால் மோஷியனின் ட்ரம்ஸும் சேர்ந்துகொள்கிறது. விரலில் எண்ணுகிற பழக்கம் இங்கே கொஞ்சம் தடுமாறும். இவரே எழுதிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் முதல் வாக்கியம் எட்டு பார் கிடையாது, ஐந்து. எண்ணுவதை விட்டுவிட்டு யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்தபோது வழி திறந்தது. இந்தப் பதிவு முடிந்த பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. இது தெரிந்த பிறகு 'ஜேட் விஷன்ஸ்' பாட்டைச் சாதாரணமாகக் கேட்க என்னால் முடிவதில்லை.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'அ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவானது. ஜிம்மி கேரிசன் பேஸில் தொடங்கி வைக்கும் நாலு ஸ்வரம்தான் முதல் பகுதியின் விதை. பிறகு கோல்ட்ரேன் அந்த நாலையும் எடுத்து 12 சுருதியிலும் வைத்துப் பார்க்கிறார், கடைசியில் குரலிலேயே சொல்கிறார். பேஸைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த அலைச்சல் குழப்பமாகத் தெரியாது, நாமஜபமாகவே கேட்கும். மூன்றாம் பகுதியின் முடிவில் கேரிசன் தனியாக நீண்ட நேரம் வாசிப்பதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

அங்கிருந்து ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வுக்குப் போனேன், 1971இல் வெளிவந்தது. கணவர் ஜான் 1967இல் இறந்த பிறகு ஆலிஸ் நாடிச் சென்ற குரு சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969 வுட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றியவரும் அவரே. தலைப்புப் பாட்டில் தம்புரா ஒலிக்கிறது, செசில் மெக்பீ ஒரே பேஸ் வரியை விடாமல் வாசிக்கிறார், மேலே ஆலிஸின் ஹார்ப், அதற்கும் மேலே ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். 'ஸோ வாட்'டில் இடம் மாறிய ஸட்ஜம் இதில் கடைசிவரை நிற்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் ஜாஸுக்குள் எங்கிருந்து நுழைவது என்று கேட்டால் நான் இனி இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

இப்போது ஓடுவது சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்', இதுவும் 1959. பியானோ கிடையாது, அதனால் சார்லி ஹேடனின் பேஸ் மறைய இடமே இல்லை. 'லோன்லி வுமன்' பாட்டில் பில்லி ஹிக்கின்ஸின் ட்ரம்ஸில் சிம்பல் தட்டு வேகமாக ஓடுகிறது, மெட்டோ அதைக் கண்டுகொள்ளாமல் மெதுவாக மிதக்கிறது, ஹேடன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். தாளத்தை எந்த வேகத்தில் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணனிடம் கேட்டேன், "போடாமல் கேட்டுப் பாரேன்" என்றார். சரி, அடுத்து அப்படித்தான்.